கலிஃபோர்னியாவின் சாண்டா கிளாரா கவுண்டியில் கோர்ட் ரெக்கார்ட் வாங்குவது: எந்தக் கவுன்டர், எந்தக் காகிதம், எவ்வளவு டாலர்

என்றோ முடிந்துபோன ஒரு சின்ன வழக்குக்கு கிரீன் கார்டு, சிட்டிசன்ஷிப் நேரத்தில் திடீரென்று "கோர்ட் சர்ட்டிஃபைடு டிஸ்போசிஷன் கொண்டுவா" என்பார்கள். வழக்கு எப்படி முடிந்தது என்று கோர்ட் முத்திரையோடு காட்டும் காகிதம் அது. சென்னையில் விசா ஸ்டாம்பிங்குக்குப் போனாலும் அதே கேள்வி வரும். விவாகரத்துத் தீர்ப்பின் நகல் ஊரில் தேவைப்படும். இதெல்லாம் இல்லாவிட்டால் கோயம்புத்தூரிலிருந்து பெரியம்மாவின் வாட்ஸாப்: "மாப்பிள்ளை சன்னிவேல்ல வேலையாம், கொஞ்சம் விசாரிச்சுச் சொல்லுப்பா."

உறவுக்காரர் ஒருவரின் பழைய வழக்குக்காகவும் இப்படி வந்த ஒரு விசாரிப்புக்காகவும் சான் ஹோசே கோர்ட் கவுன்டர்களில் நின்ற அனுபவத்தில் இதை எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை. காகிதத்தை எப்படி வாங்குவது என்று மட்டும்தான் இங்கே சொல்கிறேன். அதை வைத்து என்ன சொல்வது, என்ன சொல்லாமல் இருப்பது என்பதை உங்கள் இமிக்ரேஷன் வக்கீலிடம் கேளுங்கள்.

1. சம்பவம் நடந்த கவுண்டி எது?

நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்கள் என்பது இங்கே கணக்கில்லை. சம்பவம் எங்கே நடந்ததோ அந்தக் கவுண்டியின், அதாவது மாவட்டத்தின், சுப்பீரியர் கோர்ட்டில்தான் வழக்கு இருக்கும். கலிஃபோர்னியாவில் 58 கவுண்டிகள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி சுப்பீரியர் கோர்ட். எல்லாவற்றையும் சேர்த்துத் தேட பொதுமக்களுக்கு ஒரே அரசுத் தளம் கிடையாது.

நம்மவர்கள் தடுக்கி விழும் இடம் ஃப்ரீமான்ட். சான் ஹோசேயிலிருந்து பக்கம்தான், ஆனால் அது அலமீடா கவுண்டி. மென்லோ பார்க் சான் மட்டேயோ கவுண்டி. சன்னிவேல், குபர்டினோ, மில்பிடாஸ், மவுன்டன் வியூ எல்லாம் சாண்டா கிளாரா. ஃப்ரீமான்ட் ஃப்ரீவேயில் பிடிபட்டவர் சான் ஹோசே கவுன்டரில் வரிசையில் நின்றால் "அப்படி ஒரு கேஸே இல்லை" என்ற பதில்தான் வரும். அதை நம்பி "எனக்கு ரெக்கார்டே இல்லை" என்று எங்கேயும் எழுதிவிடாதீர்கள்.

ஃபெடரல் வழக்கு என்றால் கவுண்டி கோர்ட்டில் இருக்காது. அதற்கு பேசர் என்ற ஃபெடரல் தளம் இருக்கிறது. பக்கத்துக்கு 10 சென்ட், ஒரு ஆவணத்துக்கு அதிகபட்சம் 3 டாலர். காலாண்டில் 30 டாலரைத் தாண்டாவிட்டால் கட்டணமே இல்லை.

2. மூன்று வேறு காகிதங்கள், மூன்று வேறு ஆபீஸ்கள்

"கிரிமினல் ரெக்கார்ட் வேண்டும்" என்று பொதுவாகக் கேட்டால் அலைச்சல்தான் மிச்சம். அந்தப் பெயரில் சுற்றுவது மூன்று வேறு சங்கதிகள்.

கோர்ட் ரெக்கார்ட் என்பது வழக்குக் கோப்பு: குற்றச்சாட்டு மனு, ஒவ்வொரு வாய்தாவிலும் நடந்ததைப் பதிந்த மினிட் ஆர்டர், கடைசி முடிவு. இது பொது ஆவணம். யார் வேண்டுமானாலும் கேட்கலாம், ஏன் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. சிறார் வழக்குகள், சீல் வைக்கப்பட்டவை போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு.

ராப் ஷீட் என்பது கலிஃபோர்னியா டிபார்ட்மென்ட் ஆஃப் ஜஸ்டிஸ், சுருக்கமாக டிஓஜே, கைரேகையை வைத்துத் தொகுத்திருக்கும் பட்டியல். இது ரகசியம். உங்களுடையதை நீங்கள் வாங்கலாம், அடுத்தவருடையதை வாங்க முடியாது.

போலீஸ் ரிப்போர்ட் கைது செய்த ஊர் போலீஸிடம் இருக்கும். கோர்ட் கிளார்க்கிடம் கேட்டால் கை விரிப்பார்.

சிட்டிசன்ஷிப், கிரீன் கார்டு என்றால் முக்கியமாகத் தேவைப்படுவது முதலாவது.

3. பெயரை எல்லா விதமாகவும் எழுதிக்கொண்டு போங்கள்

கேஸ் நம்பர் கையில் இருந்தால் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம். இல்லையென்றால் பெயரை வைத்துத்தான் தேட வேண்டும். தமிழ்ப் பெயர் என்றால் வேலை இங்கேதான் அதிகம்.

முருகேசன் மகன் செந்தில்குமார் என்று வைத்துக்கொள்வோம். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் முழுப் பெயரும் குடும்பப் பெயராக ஏறி, முதல் பெயர் இடத்தில் 'எஃப்என்யூ' என்று விழும். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. ஓட்டுநர் உரிமத்தில் வேறு மாதிரி இருக்கும். போலீஸ்காரர் ரோட்டோரத்தில் உரிமத்தைப் பார்த்து எழுதியது இன்னொரு மாதிரி. ஆக ஒரே ஆளை இத்தனை விதமாகத் தேட வேண்டியிருக்கும்:

- குடும்பப் பெயர் முருகேசன், முதல் பெயர் செந்தில்குமார்
- குடும்பப் பெயர் செந்தில்குமார், முதல் பெயர் முருகேசன்
- செந்தில் முதல் பெயர், குமார் குடும்பப் பெயர், முருகேசன் காணவே காணோம்
- முதல் பெயர் எஃப்என்யூ
- ஆங்கில எழுத்தில் 'டி' மட்டும் போட்டு ஒன்று, 'டிஎச்' போட்டு ஒன்று

இவ்வளவையும் ஒரு தாளில் ஆங்கிலத்தில் அச்சடித்துக் கொண்டுபோனால் கிளார்க்கும் எரிச்சலில்லாமல் தேடுவார். வாயால் எழுத்துக்கூட்டிச் சொல்லிக்கொண்டிருந்தால் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பாதி எழுத்து மாறிப் போய்ச் சேரும்.

பிறந்த தேதியைப் போட்டுச் சலிக்கலாமே என்று தோன்றும். கலிஃபோர்னியாவில் அது நடக்காது. கோர்ட்டின் பொதுத் தேடலில் பிறந்த தேதியையோ உரிம எண்ணையோ வைத்து வடிகட்ட விடக்கூடாது என்று ரிவர்சைடு கவுண்டி கோர்ட் மீதான வழக்கில் 2021இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் 'குமார்', 'கிருஷ்ணன்' மாதிரி பெயர்களுக்குக் குவியலாக வந்து விழும். எது யாருடையது என்று கோப்பைத் திறந்து பார்த்தால்தான் தெரியும்.

4. இணையத்தில் தேடி ஏமாறாதீர்கள்

கோர்ட்டின் அரசுத் தளத்தில் வழக்குத் தேடல் உண்டு. கேஸ் நம்பர், வாய்தா தேதி போன்ற விவரங்களுக்கு அது உதவும். ஆனால் கிரிமினல், குடும்ப வழக்குகளின் ஆவணங்களைப் பொதுமக்கள் வீட்டிலிருந்து திறந்து பார்க்க மாநில கோர்ட் விதி 2.503 இடம் கொடுப்பதில்லை. கோர்ட்டுக்கு நேரில் போய், அங்கே பொதுமக்களுக்கென்று வைத்திருக்கும் கணினியில் பார்க்கலாம். சிவில் வழக்குகளுக்கு இந்தக் கெடுபிடி குறைவு.

கூகுளில் தேடினால் முதலில் வந்து நிற்பவை தனியார் தளங்கள். "ரெக்கார்ட் கிடைத்துவிட்டது, பார்க்கப் பணம் கட்டு" என்று சிவப்பு எழுத்தில் மிரட்டும். அப்படி ஒன்றில் பணம் கட்டிப் பார்த்ததில், அதே பெயரில் வேறு மாநிலத்தில் இருக்கும் யாரோ ஒருவரின் ஸ்பீடிங் டிக்கெட்தான் வந்தது. மாதச் சந்தாவையும் சத்தமில்லாமல் சேர்த்துவிட்டிருந்தார்கள். தளத்தின் முகவரி அரசுத் தளத்துக்குரிய முடிவோடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அட்டையை எடுங்கள். எப்படியும் தனியார் தளத்தின் அச்சுப் பிரதியை எந்த இமிக்ரேஷன் அதிகாரியும் ஏற்கமாட்டார்.

5. எந்தக் கட்டிடம்?

கிரிமினல் வழக்கு: ஹால் ஆஃப் ஜஸ்டிஸ், 190 வெஸ்ட் ஹெடிங் தெரு, சான் ஹோசே. விடிஏ லைட் ரெயிலில் வந்தால் சிவிக் சென்டர் நிறுத்தம்.

விவாகரத்து, குழந்தைப் பொறுப்பு போன்றவை: ஃபேமிலி ஜஸ்டிஸ் சென்டர், 201 நார்த் ஃபர்ஸ்ட் தெரு. சிவில் வழக்குகள் அதன் பக்கத்திலேயே 191இல். இவை டவுன்டவுனில் இருக்கின்றன, ஹெடிங் தெருவிலிருந்து கொஞ்சம் தள்ளி. பாலோ ஆல்டோவிலும் மார்கன் ஹில்லிலும் கிளைகள் உண்டு. எந்தக் கோப்பு எங்கே என்று கிளம்புவதற்கு முன் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். கவுன்டர் நேரமும் மாறிக்கொண்டே இருக்கிறது. கட்டிடம் திறந்திருந்தாலும் கவுன்டர் அதற்கு முன்பே மூடிவிடும்.

விடுமுறையிலும் ஒரு பொறி இருக்கிறது. பிப்ரவரி 12 லிங்கன் பிறந்தநாள், செப்டம்பர் நான்காம் வெள்ளி நேட்டிவ் அமெரிக்கன் டே: இந்த இரண்டு நாளும் உங்கள் கம்பெனி வேலை செய்யும், கோர்ட் இருக்காது. அக்டோபரில் கொலம்பஸ் டே அன்று தபால் ஆபீஸ் மூடியிருக்கும், கோர்ட் திறந்திருக்கும்.

நுழைவாயிலில் விமான நிலையம் போலவே ஸ்கேனர். சாவிக்கொத்தில் தொங்கும் குட்டிக் கத்தி இருந்தால் திரும்பக் காருக்கு நடக்க வேண்டியதுதான்.

6. கவுன்டரில் சரியாக என்ன கேட்பது, எவ்வளவு ஆகும்

கட்டணம் மாநிலச் சட்டம் நிர்ணயித்தது:

- சாதா நகல்: பக்கத்துக்கு 50 சென்ட்
- சர்ட்டிஃபை செய்ய: ஒரு ஆவணத்துக்கு 40 டாலர், நகல் காசு தனி
- ஊழியர் தேட 10 நிமிடத்துக்கு மேல் ஆனால்: 15 டாலர்
- விவாகரத்துத் தீர்ப்பின் சர்ட்டிஃபைடு காப்பி: 15 டாலர்

கவனிக்க வேண்டியது இரண்டாவது வரி. 40 டாலர் ஒவ்வொரு ஆவணத்துக்கும். "எல்லாவற்றையும் சர்ட்டிஃபை செய்து கொடுங்கள்" என்று பெருந்தன்மையாகச் சொன்னால் பில் எங்கேயோ போய்விடும். முதலில் கோப்பைப் பொதுக் கணினியில் பார்த்துவிட்டு வேண்டியதை மட்டும் கேளுங்கள். இமிக்ரேஷனுக்கு என்றால் பெரும்பாலும் குற்றச்சாட்டு மனு, அதாவது கம்ப்ளைன்ட், அப்புறம் முடிவைக் காட்டும் மினிட் ஆர்டர் அல்லது டாக்கெட், அதாவது வழக்கில் நடந்தவற்றின் பட்டியல். மனு 3 பக்கம், டாக்கெட் 4 பக்கம் என்றால் நகலுக்கு 3.50, சர்ட்டிஃபை செய்ய 80, மொத்தம் 83 டாலர் 50 சென்ட். மற்றதெல்லாம் சாதா நகல் போதும்.

காகிதம் கைக்கு வந்ததும் கவுன்டரை விட்டு நகராமல் படியுங்கள். முத்திரையும் கையெழுத்தும் இருக்கிறதா? பெயர் சரியா? முக்கியமாக, ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் தனித்தனியாக முடிவு எழுதியிருக்கிறதா? கைதான பிரிவு ஒன்று, ஒப்புக்கொண்டது அதைவிடச் சிறிய வேறொன்று, முதலாவது தள்ளுபடி என்பது இங்கே சர்வ சாதாரணம். அந்த மாற்றம் எந்தப் பக்கத்தில் இருக்கிறதோ அந்தப் பக்கம் உங்கள் காகிதக் கட்டுக்குள் இருக்க வேண்டும்.

இன்னொன்று. அந்த ஸ்டேப்பிளைக் கழற்றாதீர்கள். ஸ்கேன் செய்ய வசதியாக இருக்கும் என்று பிரித்துவிட்டால் 'பக்கம் மாற்றப்பட்டிருக்கலாம்' என்று சொல்லித் திருப்பிவிடுவார்கள். மூலையை மடித்தே ஒவ்வொரு பக்கமாக ஸ்கேன் செய்யுங்கள். கூடவே இன்னொரு சர்ட்டிஃபைடு காப்பியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்று எட்டாவது பகுதியில்.

7. ஊரைவிட்டுப் போய்விட்டவர்களுக்கு: தபால்

டெக்சாஸிலோ திருச்சியிலோ இருக்கிறீர்கள் என்றால் தபாலில் கேட்கலாம். கடிதத்தில் கேஸ் நம்பர், பெயரின் எல்லா வடிவங்களும், எந்த ஆவணம், சர்ட்டிஃபைடா சாதாவா என்பது தெளிவாக இருக்கட்டும். கூடவே சுயவிலாசமிட்டு அமெரிக்க ஸ்டாம்ப் ஒட்டிய உறை. எத்தனை பக்கம் என்று தெரியாததால், தொகையைக் காலியாக விட்டு 'இத்தனை டாலருக்கு மேல் போகாமல்' என்று எழுதிய செக்கைப் பல கோர்ட்டுகள் ஏற்கும். அமெரிக்க வங்கி செக்காக இருக்க வேண்டும். இந்தியாவில் இருப்பவர்கள் இங்கே இருக்கும் நண்பரை நேரில் போகச் சொல்வதே மேல். பொது ஆவணமாக இருந்தால் அதிகாரப் பத்திரம் எதுவும் வேண்டாம்.

பழைய கோப்பு என்றால் வேறு கிடங்கிலிருந்து வரவழைக்க வேண்டியிருக்கும். விசா அப்பாயின்ட்மென்ட்டுக்கு டிக்கெட் போட்ட பிறகு இதை ஆரம்பிக்காதீர்கள்.

8. "கோப்பை அழித்துவிட்டோம்" என்றால்

கோர்ட் எல்லாவற்றையும் காலத்துக்கும் வைத்திருக்காது. சாதாரண மிஸ்டிமீனர் (சிறு குற்றம்) என்றால் வழக்கு முடிந்து 5 ஆண்டு, குடித்துவிட்டு வண்டி ஓட்டிய டியூஐ மிஸ்டிமீனர் என்றால் 10 ஆண்டு, ஃபெலனி (பெருங்குற்றம்) 50 ஆண்டு. அதற்கு மேல் அழிக்கச் சட்டம் அனுமதிக்கிறது. மாணவராக வந்த புதிதில் கடையில் ஏதோ எடுத்து மாட்டிக்கொண்டவர் சிட்டிசன்ஷிப் மனு போடும்போது அந்தக் கோப்பு இல்லாமல் போயிருக்கலாம். ஆனால் கைரேகை ஃபெடரல் கணினியில் பத்திரமாக இருக்கும். அதனால்தான் வழக்கு முடிந்த உடனேயே இரண்டு காப்பி வாங்கிவிடுங்கள் என்கிறேன்.

அழித்துவிட்டார்கள் என்றால், தேடினோம், இல்லை அல்லது அழிக்கப்பட்டது என்று கோர்ட்டிடமே முத்திரையுடன் ஒரு கடிதம் கேளுங்கள். கைது நடந்து வழக்கே போடாமல் விட்டிருந்தால் கோர்ட்டில் எதுவுமே இருக்காது. அப்போது கைது செய்த போலீஸிடம் அதை எழுத்தில் வாங்க வேண்டும்.

'எக்ஸ்பஞ்ச் ஆகிவிட்டது (ரெக்கார்ட் அழிந்துவிட்டது), இனி சொல்லத் தேவையில்லை' என்று நண்பர்கள் சொல்வதைக் காதில் வாங்காதீர்கள். கலிஃபோர்னியா குற்றவியல் சட்டத்தின் 1203.4 பிரிவில் கிடைப்பது பெரும்பாலும் தள்ளுபடி என்ற குறிப்புதான், கோப்பு அழிவதில்லை. இமிக்ரேஷன் படிவம் அழிக்கப்பட்டவற்றையும் சேர்த்தே கேட்கிறது. இது காகிதம் வாங்கும் வேலையைத் தாண்டிய விஷயம். இங்கே வக்கீல் கட்டணத்தில் கஞ்சத்தனம் வேண்டாம்.

9. கேஸ் நம்பரும் தெரியாது, கவுண்டியும் ஞாபகமில்லை

உங்கள் சொந்த விவரம்தானே என்றால் டிஓஜேயின் ராப் ஷீட்டை முதலில் வாங்குங்கள். படிவம் பிசிஐஏ 8016ஆர்ஆர், டிஓஜே கட்டணம் 25 டாலர். அதை எடுத்துக்கொண்டு லைவ் ஸ்கேன் செய்யும் இடத்தில் கைரேகை பதிய வேண்டும். அதற்குக் கடைக்குக் கடை வேறு கட்டணம், நாலு இடம் விசாரித்துப் போங்கள். பதில் தபாலில் வரும். கலிஃபோர்னியாவுக்கு வெளியே இருந்தால் மை தொட்டுப் பதியும் கைரேகை அட்டையை அனுப்பலாம். மற்ற மாநிலத்திலும் ஏதாவது இருக்குமோ என்றால் எஃப்பிஐயின் சுருக்கப் பட்டியல் 18 டாலர்.

இந்தப் பட்டியலைப் பார்த்து எந்தக் கோர்ட்டுக்குப் போவது என்று தெரிந்துகொள்ளலாம். டிஸ்போசிஷனுக்கு மாற்றாக இதையே நீட்ட முடியாது.

10. போலீஸ் ரிப்போர்ட்

சன்னிவேலில் போலீஸும் தீயணைப்பும் ஒரே துறை, பெயர் பப்ளிக் சேஃப்டி. குபர்டினோ, சாரடோகா, லாஸ் ஆல்டோஸ் ஹில்ஸ் மூன்றுக்கும் சொந்த போலீஸ் கிடையாது, கவுண்டி ஷெரிஃப்தான். மற்ற ஊர்களுக்கு அந்தந்த ஊர் போலீஸின் ரெக்கார்ட்ஸ் பிரிவு. பொது ஆவணச் சட்டப்படி 10 நாளில் பதில் சொல்ல வேண்டும், இன்னும் 14 நாள் நீட்டிக்கலாம். பதில் என்றால் காகிதம் என்று அர்த்தமில்லை, 'தர முடியாது' என்பதும் பதில்தான். புலனாய்வு விவரங்களைப் பெரும்பாலும் மறுத்துவிடுவார்கள்.

குடும்ப வன்முறைக்கு ஆளானவர்களுக்கு மட்டும் வழி சுலபம். தங்கள் ரிப்போர்ட்டை இலவசமாகக் கேட்கலாம், பொதுவாக 5 வேலை நாளில் தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. புதிதாக டிபென்டென்ட் விசாவில் வந்து, கையில் காசில்லாமல், யாரிடமும் சொல்ல முடியாமல் இருக்கும் பெண்களுக்கு இதைச் சொல்லிவையுங்கள்.

11. மாப்பிள்ளை, வாடகைக்காரர், ஆயா

மாப்பிள்ளை விசாரிப்புக்கு ஹெடிங் தெருவில் கிரிமினல் தேடலும், 201 நார்த் ஃபர்ஸ்ட்டில் குடும்பக் கோர்ட் தேடலும் செய்யலாம். முன்பு விவாகரத்து நடந்திருந்தால் இரண்டாவதில் தெரியும், அதுவும் இந்தக் கவுண்டியில் நடந்திருந்தால் மட்டும். கலிஃபோர்னியாவில் ரகசியத் திருமணப் பதிவு என்று ஒரு வகை உண்டு. அந்தப் பதிவை வெளியாள் பார்க்க முடியாது. ஆகவே 'எதுவும் கிடைக்கவில்லை' என்பதை 'எதுவும் இல்லை' என்று ஊருக்குச் சொல்லிவிடாதீர்கள். பெயர் மட்டும் ஒத்துப்போனதை வைத்து ஒரு சம்பந்தத்தைக் கலைத்துவிடவும் வேண்டாம். வழக்கு போட்டார்கள் என்பதற்கும் குற்றம் நிரூபணமானது என்பதற்கும் உள்ள தூரத்தைப் பெரியம்மாவுக்கு விளக்குவதற்கே தனியாக ஒரு போன் போட வேண்டியிருக்கும்.

வீட்டை வாடகைக்கு விடவோ ஆள் வைக்கவோ நீங்களே கோர்ட்டில் துருவுவது வம்பு. அதற்கென்று ஃபெடரல், மாநிலச் சட்டங்கள் இருக்கின்றன. எழுத்துபூர்வ சம்மதம் வாங்கி முறையான நிறுவனம் வழியாகச் செய்யுங்கள். குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஆயா என்றால் ட்ரஸ்ட்லைன் என்ற மாநிலப் பதிவேடு இருக்கிறது. கைரேகை வைத்து டிஓஜே, எஃப்பிஐ இரண்டிலும் சரிபார்த்துப் பதிகிறார்கள். பெயர் வைத்துத் தேடுவதைவிட இது பல மடங்கு நம்பகமானது.

12. ஊரில் காட்டுவதற்கு

மறுமணப் பதிவுக்கோ சென்னை கோர்ட்டுக்கோ விவாகரத்துத் தீர்ப்பு தேவை என்றால், சர்ட்டிஃபைடு காப்பியின் மேல் கலிஃபோர்னியா செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட்டின் அப்போஸ்டில், அதாவது வெளிநாட்டில் காட்டுவதற்கான சான்று, வாங்க வேண்டும். ஆவணத்துக்கு 20 டாலர். சாக்ரமென்டோவுக்கு நேரில் போனால் கையெழுத்து ஒன்றுக்கு 6 டாலர் கூடுதல், பெரும்பாலும் அன்றே கையில் கிடைக்கும். எந்த நாட்டில் காட்டப்போகிறீர்கள் என்று விண்ணப்பத்தில் கேட்பார்கள், இந்தியா என்று எழுதுங்கள். கோர்ட்டில் சர்ட்டிஃபைடு காப்பி வாங்கும்போதே இது அப்போஸ்டிலுக்கு என்று கிளார்க்கிடம் சொல்லிவிட்டால், கையெழுத்தும் பெயரும் தெளிவாக இருக்கும்படி பார்த்துக் கொடுப்பார். நோட்டரி போட்ட ஜெராக்ஸைக் கொண்டுபோய் நீட்டினால், அப்போஸ்டில் அந்த நோட்டரியின் கையெழுத்துக்குத்தான் கிடைக்கும், கோர்ட் முத்திரைக்கு இல்லை. ஊரில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.